திருப்பாச்சேத்தி அரிவாள் Vs ஜப்பான் கத்தி: கூர்மை எங்கிருந்து வருது?

சினிமாவில் மதுரையைக் காட்டினால் அடுத்த ஷாட்டில் அரிவாள் வந்துவிடும். அந்த அரிவாளுக்குப் பேர்போன ஊர், சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி. மதுரையில் இருந்து மானாமதுரை போற வழியில், திருப்புவனம் தாண்டி இருக்கு. விறகு வெட்ட, இளநீர் சீவ, கறிக்கடைக்கு என எல்லா வேலைக்கும் இங்கே அரிவாள் அடிக்கிறார்கள். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் ஆளுயர அரிவாளும் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில்தான் தயாராகிறது.

இன்னொரு பக்கம், ஆன்லைனில் பல ஆயிரம் ரூபாய்க்கு ஜப்பான் சமையல் கத்தி விற்குது. இரண்டிலும் கூர்மைக்குக் காரணம் ஒண்ணுதான்: இரும்பில் இருக்கும் கார்பனும், அதுக்குக் கொடுக்கும் சூடும்.

லாரிக்கு அடியில் இருந்து...

நல்ல அரிவாளுக்குக் கொல்லர்கள் தேடுவது பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. மேடுபள்ளத்தில் பல வருஷம் வளைந்து நிமிர்ந்தும் உடையாத உருக்கு அது. கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். சாதாரணக் கட்டுமானக் கம்பியில் இந்த அளவு இருக்காது. அதனால் அதில் அடித்த அரிவாள் நாலு வெட்டிலேயே மழுங்கிவிடும்.

அடிக்க அடிக்க இரும்பு கெட்டிப்படும்னு சொல்வாங்க. அது பாதி உண்மைதான். சிவக்கக் காய்ச்சிய இரும்பில் சம்மட்டி கொடுப்பது பெரும்பாலும் வடிவம். உயிர் கொடுப்பது அதுக்கு அப்புறம் வரும் 'தோய்ச்சல்'.

வாய்ப்பகுதியை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிவக்கவிட்டு, சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குகிறார்கள். அந்த நொடியில் கார்பன் வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ள, இரும்பு கல் மாதிரி இறுகிவிடும். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையும். அதனால் மறுபடி 200 - 300 டிகிரிக்கு இளஞ்சூடு ஏற்ற வேண்டும். தெர்மாமீட்டர் கிடையாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வருதா, நீலம் ஏறுதா என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு. சில நொடி தவறினால் ஒரு நாள் உழைப்பு வீண்.

ஜப்பானில் என்ன வித்தியாசம்?

ஒசாகா பக்கத்தில் உள்ள சகாய் நகரம் கத்திக்குப் பெயர்பெற்றது. அங்கே பயன்படும் 'ஷிரோகாமி' வகை உருக்கில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் இந்தக் கத்திகள் 60-ஐத் தாண்டும். ஐரோப்பியக் கத்திகள் பொதுவாக 56 - 58தான். அதனால் வாயை மெல்லிசாகத் தீட்டலாம், கூர்மையும் நாள்பட நிற்கும். உடையாமல் இருக்க, இந்தக் கெட்டி உருக்கோடு மென்மையான இரும்பைச் சேர்த்து அடிக்கிறார்கள். ஆனாலும் எலும்பில் பட்டால் வாய் தெறிக்கும். சீமைக்கருவேலம் வெட்டப் போறவருக்கு அது உதவாது. திருப்பாச்சேத்தி அரிவாள்தான் சரி.

அதிக கார்பன் உருக்கு தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய 'ஊட்ஸ்' உருக்கின் ரகசியம் தேடி, விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819-ல் அதைப் பகுப்பாய்வு செய்து கட்டுரை எழுதினார்.

வாங்குபவர் விவரம் எதற்கு?

2021 செப்டம்பரில், கொலைச் சம்பவங்களைத் தடுக்கும் நடவடிக்கையின்போது, அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரியைப் பதிவு செய்யவும், சிசிடிவி பொருத்தவும் பட்டறைகளையும் கடைகளையும் தமிழக காவல்துறை அறிவுறுத்தியது. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் அடித்துக் கொடுப்பவருக்கு இது கூடுதல் வேலைதான். ஆனால் யார் கைக்குப் போகுதுன்னு தெரியாத அரிவாளால் முதலில் கெட்ட பேர் வாங்குவதும் அவர்தானே.

வீட்டுக் கத்தி ஏன் சீக்கிரம் மழுங்குது?

முதல் காரணம் கிரானைட் மேடை. அதன் மேல் நேரடியாக வைத்து நறுக்கினால் எந்த ஊர்க் கத்தியும் தாங்காது, மரப்பலகை வையுங்க. அடுத்தது சாணை. தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் சாணையில் தீப்பொறி பறக்க அழுத்திப் பிடித்தால் வாய் நீலமாக மாறும். அந்த இடத்தில் தோய்ச்சல் போயிடுச்சுன்னு அர்த்தம். அந்த நீலப் பகுதி தேய்ந்து தீரும்வரை கூர்மை நிற்காது. தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுவதே நல்லது. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் இருக்கும் சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தாலும் போதும். எலுமிச்சை, தக்காளி நறுக்கியதும் கழுவித் துடைத்து வைங்க, கார்பன் உருக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும்.