இழுவைப் படகும் ஒலிம்பிக் விதியும்: பன்னாட்டு விளையாட்டு விழாக்களில் நீர்ச்சறுக்கு

மியூனிக் ஒலிம்பிக் விழாவின் பாய்மரப் படகுப் போட்டிகள் 1972இல் வடஜெர்மனியின் கீல் நகரில் நடந்தன. அங்கேயே நீர்ச்சறுக்கும் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. ஆண்கள் ஸ்லாலத்தில் (மிதவைகளை வளைந்து சுற்றும் பிரிவு) இத்தாலியின் ராபி ஸூக்கியும், வித்தை, தாண்டல் ஆகிய இரண்டிலும் அமெரிக்காவின் ரிக்கி மெக்கார்மிக்கும் வென்றனர். அவ்வெற்றிகள் அதிகாரபூர்வப் பதக்கப் பட்டியலில் ஏறவில்லை. ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு தலைகாட்டியதும் அந்த ஒருமுறைதான்.

அதற்கு முன்பே ஐம்பதாண்டு வரலாறு இதற்கு உண்டு. 1922இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், 18 வயது ரால்ஃப் சாமுவேல்சன் மரப்பலகைகளின் முனையைக் கொதிநீரில் இட்டு வளைத்துச் சறுக்கிக் காட்டினார். 1946இல் உலகக் கூட்டமைப்பு உருவானது. 1949இல் முதல் உலகப் போட்டி பிரான்சில் நடந்தது. 1967இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரமும் கிடைத்தது. அப்படியும் கதவு திறக்கவில்லை.

தடையாக நின்றவற்றுள் முதன்மையானது, வீரரைக் கயிற்றால் இழுக்கும் படகின் மோட்டார். முதன்மையாக எந்திர விசையால் திறன் அமையும் விளையாட்டுகளை ஏற்பதில்லை என்று ஒலிம்பிக் சாசனம் நெடுங்காலம் கூறிவந்தது. நீர்ச்சறுக்குக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதை ஸ்லாலம் தடத்தை வைத்தே சோதிக்கலாம். தடத்தின் நீளம் 259 மீட்டர். படகு நடுக்கோட்டில் நேராகச் செல்லும். வீரர் இருபுறமும் மாறிமாறி ஆறு மிதவைகளைச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு மிதவையும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கிறது. ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். அதற்குமேல் வேகம் கூடாது, கயிறுதான் படிப்படியாகக் குறையும். 18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு 10.25 மீட்டராகக் குறையும்போது மிதவையை எட்டவே நீளம் போதாது. எஞ்சிய தூரத்தை, ஏறக்குறைய நீரில் படியச் சாய்ந்து, கையை முழுக்க நீட்டி, உடலால்தான் ஈடுகட்ட வேண்டும். இன்று படகின் வேகத்தைச் செயற்கைக்கோள்வழிக் கருவி சீராக வைத்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே இழுவை, ஒரே வேகம். வேறுபடுவது வீரரின் உடல்திறன் மட்டுமே. எனவே அவ்விதியை இவ்விளையாட்டின்மேல் ஏற்றுவது பொருந்தாது என்பதே என் முடிவு.

பிற பன்னாட்டு விழாக்கள் இவ்விளையாட்டைத் தயக்கமின்றி ஏற்றன. 1981இல் சாண்டா கிளாராவில் நடந்த முதல் உலக விளையாட்டுகளில் நீர்ச்சறுக்கு இருந்தது. பான் அமெரிக்க விளையாட்டுகளில் 1995இல், அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில், நுழைந்தது. 2007இல் ரியோவில், ஒரே அகலப் பலகையில் நின்று சறுக்கும் வேக்போர்டும் சேர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டோடு கனடா, அர்ஜென்டினா, சிலி நாட்டவரும் பதக்கம் வெல்வது அங்கே வழக்கம். தென்கிழக்காசிய விளையாட்டுகளிலும் 2011இல் பலெம்பாங்கில் போட்டி நடந்தது. 8 வயது மலேசியச் சிறுமி ஒருத்தியும் அதில் களமிறங்கினாள். 2015இல் சிங்கப்பூரின் பெடோக் நீர்த்தேக்கம் களமானது.

ஒலிம்பிக்குக்கு இன்னொரு வழியும் முயலப்பட்டது. ஜெர்மானியரான புரூனோ ரிக்சன் உருவாக்கிய கம்பிவட முறையில் படகே தேவையில்லை. கோபுரங்களுக்கிடையே மின்விசையால் ஓடும் கம்பி வீரரை இழுக்கும். 2020 ஒலிம்பிக்குக்கான பரிசீலனைப் பட்டியலில் 2011இல் இம்முறையிலான வேக்போர்டும் இடம்பெற்றது. ஆனால் 2013இல் வாய்ப்பு மல்யுத்தத்துக்கே போனது.