மதுரைக்கு வந்த படைகள் – 6: ஓடாமல் நின்ற வணிகர்

தில்லிப் படை மறுபடியும் தெற்கே இறங்கிவிட்டது!

1318-ஆம் ஆண்டு வாக்கில் இந்தச் செய்தி பாண்டிய நாட்டை எட்டியபோது, மக்கள் 1311-ஐ மறந்திருக்கவில்லை. மாலிக் காபூர் மதுரையைச் சூறையாடி, தில்லி வரலாற்றாசிரியர் பரணியின் கணக்குப்படி 612 யானைகளோடு வடக்கே திரும்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இப்போது வருபவன் தில்லித் தளபதி குஸ்ரவ் கான். பாண்டிய அரசர்கள் கருவூலத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள். தூக்கிச் செல்ல முடியாத யானைகள் நூறு வரை மட்டும் கொட்டில்களில் நின்றன.

ஒரே ஒரு செல்வர் கிளம்பவில்லை. பெயர் குவாஜா தகீ. பெரும் வணிகர், முஸ்லிம். வருவது முஸ்லிம் சுல்தானின் படைதானே, தன்னை என்ன செய்துவிடும் என்று நம்பினார். கடை, கிடங்கு, பொன் எல்லாவற்றோடும் அங்கேயே இருந்துவிட்டார்.

அந்த நம்பிக்கை என்னவாயிற்று என்று பார்க்கும் முன், இப்படிப்பட்ட வணிகர்கள் பாண்டிய நாட்டில் எப்படி வேரூன்றினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாண்டியருக்கு முத்து இருந்தது. நல்ல போர்க்குதிரை இல்லை. குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலேறி வந்தன. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை, ஒன்று 220 தினார் விலைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை இறந்துபோனாலும் அதன் விலை பாண்டியர் கருவூலத்திலிருந்து போய்விடும்! அந்த ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியர் அவையில் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு நாட்டின் கடல்வாசலை யாரிடம் ஒப்படைப்பார்கள்? நம்பிக்கைக்கு உரியவரிடம்தான். தில்லிப் படை தமிழ்நாட்டை மிதிப்பதற்கு முன்பே, வாணிகத்தின் வழியாகவும் நட்பின் வழியாகவும் இஸ்லாம் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்த உறவு வாணிகத்தோடு நிற்கவில்லை, போர்க்களத்திலும் இருந்தது. 1311-இல் மாலிக் காபூர் வீரபாண்டியனைத் துரத்திச் சென்றபோது, பாண்டியன் படையிலேயே முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள். பாண்டியன் தப்பிய பிறகு காபூரிடம் அகப்பட்ட அவர்கள் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவைச் சொன்னதால் உயிர் பிழைத்தார்கள். இதை எழுதியவர் தில்லி அவையின் கவிஞர் அமீர் குஸ்ரோ. அவருடைய பார்வையில் அவர்கள் பாதி இந்துக்கள், கொல்லத் தகுந்தவர்கள்! வடக்கிலிருந்து வந்தவர்களின் கண்ணுக்கு, பாண்டியன் சோற்றை உண்டு அவன் கொடியின்கீழ் நின்ற முஸ்லிம் அந்நியனாகவே தெரிந்தான்.

இனி குவாஜா தகீயிடம் வருவோம்.

மழைக்காலம் தொடங்கி, நகர முடியாமல் இங்கேயே தங்கிய குஸ்ரவ் கானின் பார்வை தகீயின் செல்வத்தின் மேல் விழுந்தது. பிடித்தான், பொன்னை வலுக்கட்டாயமாகப் பறித்தான், அது அரசுக் கருவூலத்துக்குரியது என்று சொல்லி, தகீயைக் கொன்றான். ஜகாத் கொடுத்துத் தூய்மைப்படுத்திய செல்வம், சுன்னி முஸ்லிமான வணிகர் என்றெல்லாம் வருந்தி எழுதுகிறார் பரணி. குஸ்ரவ் கான் மீது பரணிக்குக் கடுங்கோபம் உண்டு. அந்தக் கோபத்தைக் கழித்துவிட்டுப் படித்தாலும் நிகழ்ச்சி நம்மை உலுக்குகிறது. கொன்றவனும் குஜராத்தில் இந்துவாகப் பிறந்து மதம் மாறியவன்தான்.

படையெடுத்தவர்கள் கோயில்களை இடித்தார்கள், கொள்ளையடித்தார்கள், மக்களைக் கொன்றார்கள். அவர்களுடைய அவை ஆசிரியர்களே அதைப் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதை மூடி மறைத்தால் வரலாறு பொய்யாகிவிடும். ஆனால் அந்தக் குற்றத்தின் பேரேட்டை எழுநூறு ஆண்டுகள் கழித்து அடுத்த தெருவில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்தின் வாசலில் கொண்டுபோய் வைப்பது அதைவிடப் பெரிய பொய். தகீயும் அந்தப் பாண்டிய வீரர்களும் படையெடுப்பில் பாதிக்கப்பட்டவர்களின் வரிசையில் நிற்பவர்கள். இந்தத் தொடரை நான் எழுதத் துணிந்ததே இதைச் சொல்லத்தான்.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார்கள். மதுரை சுல்தான்களின் ஆட்சி விஜயநகரப் படையால் முடிந்து இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1573-இல், கோரிப்பாளையம் தர்காவுக்குரிய பழைய நிலவுரிமை பற்றி வழக்கு வந்தது. வீரப்ப நாயக்கர் விசாரித்து அந்த உரிமையை உறுதிசெய்தார். கல்வெட்டு தர்காவிலேயே இருக்கிறது. பழி தீர்க்கும் எண்ணம் இருந்திருந்தால் அதைவிட நல்ல வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவை 131 அடிக்கு எழுப்பித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இன்றும் கந்தூரி விழாவுக்கு அங்கே கூடும் கூட்டத்தில் இந்துக்கள் ஏராளம்.

இவை எல்லாவற்றையும்விட வியப்பானது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. தில்லிப் படையால் பெரும் துயரம் கண்ட அதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்குச் சன்னிதி உண்டு. சிலை கிடையாது, ஓவியம்தான். அங்கே நிவேதனம் ரொட்டியும் வெண்ணெயும். சுல்தானின் மகள் அரங்கன்மேல் காதல் கொண்டு, தில்லியிலிருந்து அவனைத் தேடி வந்தாள் என்கிறது கோயில் மரபு. இந்தக் கதைக்கு வரலாற்றுச் சான்று உண்டா என்று கேட்கலாம். அடிபட்ட மக்கள், அடித்தவனின் மகளைத் தங்கள் பெருமாளின் நாச்சியாராக ஏற்று இன்றுவரை வழிபடுகிறார்கள் என்பது கண்ணெதிரே இருக்கும் உண்மை.

அந்த நாச்சியாரின் கதை பிறக்க, முதலில் அரங்கன் திருவரங்கத்தை விட்டு வெளியேற வேண்டுமே!

ஆண்டு 1323. தில்லியில் இப்போது துக்ளக் வம்சம். சுல்தானின் மகன் உலூக் கான், பிற்காலத்து முகமது பின் துக்ளக், படையோடு தெற்கே வருகிறான். ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்வதன்படி, அரங்கனின் உற்சவரான அழகிய மணவாளர் கொள்ளிடக் கரை மண்டபத்தில் திருவிழாவுக்கு எழுந்தருளியிருக்கிறார். கரையெங்கும் பக்தர் கூட்டம். அந்த நேரத்தில் ஓடிவந்த ஆள் பெரியவர்களிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறான்: படை நெருங்கிவிட்டது!

கூட்டத்துக்கு இன்னும் தெரியாது. திரை தொங்குகிறது, உள்ளே பெருமாள் இருக்கிறார் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். முதுமையில் தளர்ந்த வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாச்சாரியார் ஒரு சிறிய பல்லக்கின் அருகே போய் நிற்கிறார்.

பல்லக்கு எந்தத் திசையில் புறப்பட்டது? திரைக்கு முன்னால் அமர்ந்திருந்த மக்கள் கதி என்ன?

(தொடரும்)