டைனமோவிலிருந்து இரட்டைப் பேட்டரி வரை

1912-க்கு முன் கார் எடுக்கக் கைபலம் வேண்டும். வண்டியின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த ஆண்டு சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டருடன் காடிலாக் கார்கள் வந்தன. கைப்பிடித் தொல்லை போயிற்று. பேட்டரிக் கவலை பிறந்தது. எடுத்த மின்சாரத்தை வண்டி ஓடும்போதே திருப்பி ஏற்றாவிட்டால் மறுநாள் செல்ஃப் எடுக்காது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த வேலையைச் செய்தது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடினால் அதன் சார்ஜ் நின்றேபோகும். அப்போது பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்க கட்-அவுட் என்ற ரிலே இருந்தது. அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் பேட்டரி காலி. அக்கால எலக்ட்ரீசியன் கார்பனை மாற்றுவார், கம்யூட்டேட்டரை உப்புத்தாளால் தேய்ப்பார், பாயிண்டைச் சுத்தம் செய்வார். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பதும் பல பட்டறைகளில் வழக்கம்.

1960-ல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வந்தது. சிலிக்கான் டயோடு விலை குறைந்ததால்தான் இது கைகூடியது. மும்முனை மாறுமின்சாரத்தை ஆறு டயோடுகள் நேர்மின்சாரமாக்கின. மின்சாரம் திரும்பிப் பாய்வதையும் அவையே தடுத்ததால் கட்-அவுட்டுக்கு வேலையில்லை. நெரிசலில் நிற்கும் வண்டியும் சார்ஜ் ஆனது.

பட்டறைப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றினால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணத்தில் 100 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு எகிறலாம். டயோடும் ரெகுலேட்டரும் கருகும். இன்றைய வண்டியில் எஞ்சின் கம்ப்யூட்டரே போய்விடலாம். பழுது பார்க்கும் முறையே பழுதை உண்டாக்கிய கொடுமை இது.

பயண வேன்களிலும் படகுகளிலும் ஃபிரிட்ஜ், விளக்குகளுக்கென இரண்டாவது பேட்டரி சேர்ந்தபோது சிக்கல் இரட்டித்தது. ஃபிரிட்ஜ் ஓடி, ஸ்டார்ட்டர் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று நடுவே டயோடு ஐசோலேட்டர் வைத்தார்கள். ஆனால் அந்த டயோடே சுமார் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். ஆல்டர்னேட்டரில் 14.2 இருந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.5, அதில் ஈய-அமில பேட்டரி எளிதில் முழுமையாக நிறையாது. அடுத்து வந்த ரிலே, மின்னழுத்தம் சுமார் 13.3-ஐத் தாண்டியதும் இரு பேட்டரிகளையும் இணைத்து, 12.8-க்குக் கீழே இறங்கினால் பிரித்தது. எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கம்ப்யூட்டரே குறைக்கும் கார்கள் வந்தபின் அந்த ரிலேயும் குழம்பியது. ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருக்கும்; இரண்டாவது பேட்டரி பட்டினி கிடக்கும். அத்தகைய வண்டிகளுக்கு டிசி-டிசி சார்ஜர்தான் தீர்வானது.

நூறாண்டில் கருவிகள் இத்தனை மாறினாலும் கோளாறு பெரும்பாலும் ஒளிந்திருப்பது வழியில்தான்: தளர்ந்த எர்த், பச்சை பூத்த முனை, மெல்லிய ஒயர், சூடேறிய ஃபியூஸ் பிடிப்பான். ரிலே உள்ள வண்டியில் அதைக் கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலும் மறுமுனையை இரண்டாவது பேட்டரியின் பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். ரிலே இணைந்திருக்கும்போது மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலையும் வோல்ட். 0.2, 0.3 என்றால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துவர வேண்டியதுதான். எர்த் பக்கத்துக்கும் இதே சோதனை.

இரட்டைப் பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் புது ஆல்டர்னேட்டருக்குப் பணம் கட்டும் முன் இந்த அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்ற எவரையும் விடாதீர்கள்.