புகையாய்த் தெரிந்த ஊர்

அமெரிக்க நாட்டில் ‘வரலாற்று வட்டாரம்’ என்னும் தொடர் வெறும் புகழ்மொழி அன்று, சட்டப்பொருள் உடையது. தனியொரு மாளிகையை மட்டும் காவாமல் தெரு, ஆலயம், கடை, வீடு, வெற்றிடம் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காப்பதே அதன் நோக்கம். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரம் 1931ஆம் ஆண்டில், நாட்டிலேயே முதன்முதலாக, இதற்கென விதி வகுத்தது. 1966ஆம் ஆண்டில் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும் அதன்வழித் தேசியப் பதிவேடும் வந்தன. சார்ல்ஸ்டனின் தூண்முகப்பு மாளிகைகள் கண்ணுக்கு இனியவை என்பதில் ஐயமில்லை. அவற்றை எழுப்பிய செல்வம் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதிலும் ஐயமில்லை. அத்தகைய உழைப்பாளர் விடுதலை பெற்றபின் தமக்கெனக் கட்டிக்கொண்டவை எவை என்று கேட்போமாயின், ஆயிரங் கல்லுக்கு அப்பால், கான்சஸ் புல்வெளிக்குச் செல்ல வேண்டும்.

கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில் இருப்பது கிரகாம் கவுண்டி. கோதுமை விளையும் நிலம், மரம் அரிது, காற்று மிகுதி. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி கவுண்டி முழுவதிலும் மூவாயிரம் பேர்கூட இல்லை. சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடபால் உள்ள நிக்கோடிமஸ் என்னும் சிற்றூரில் இருபது பேரும் இல்லை. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பின மக்கள் நிறுவிய ஊர்களில் இன்றும் அழியாதிருப்பது இது ஒன்றே என்பர்.

ஊர்ப்பெயர் குறித்து ஒரு சொல். தமிழ் விவிலியத்தில் நிக்கொதேமு என்று வருபவரை அன்பர்கள் அறிவர். இரவில் இயேசுவைக் காண வந்த பெரியவர் அவர். ஆயின் இவ்வூர் அவர் பெயரால் அன்றி, தன் விலையைத் தானே கொடுத்து விடுதலை பெற்றதாகச் சொல்லப்படும் ஓர் அடிமையின் பெயரால் அமைந்தது என்பாரும் உளர். அப்பெயருடைய அடிமையைப் பற்றி ஹென்றி கிளே வொர்க் 1864இல் இயற்றிய பாட்டு அக்காலத்தில் பரவலாக வழங்கியது. எனக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகப் படுகிறது. பாட்டின் வழியே பெயர் பெற்ற ஊர் என்பது கவிஞர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

1877ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஊர்க்குழுமம் பதிவு செய்யப்பட்டது. டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையர் நிலத் தரகர், டபிள்யூ. எச். சிமித் என்னும் கறுப்பினத்தவர் தலைவர். கென்டக்கி மாநிலத்தில் துண்டறிக்கைகள் பரவின. வளமான மண் என்றும் சொந்த நிலம் என்றும் அவை பேசின. அடிமைமுறை ஒழிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த அம்மக்களுக்குச் ‘சொந்த நிலம்’ என்னும் சொல் எத்தகைய மந்திரமாக இருந்திருக்கும்! செப்டம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். எல்லிஸ் என்னும் ஊர்வரை இரயில். அதன்பின் வண்டியும் கால்நடையும்.

மறு ஆண்டு இளவேனிலில் வந்தவர்களுள் வில்லியானா ஹிக்மன் என்பவரும் ஒருவர். அவருடைய குழுவினரை எல்லிசில் தட்டம்மை தாக்கியது. குழந்தைகள் சிலர் மாண்டனர். மீண்டும் நடந்து வந்து, ஊர் எங்கே என்று அவர் வினவ, நிலத்திலிருந்து ஆங்காங்கே எழுந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்டினாராம். வீடுகள் தரைக்குக் கீழே இருந்தன. கண்டதும் தாம் அழுததாக அவ்வம்மையார் முதுமையில் நினைவுகூர்ந்துள்ளார். வந்தவர்களுள் பல குடும்பங்கள் தங்காமலே திரும்பிவிட்டன.

நிக்கோடிமசின் முதற் கட்டடக்கலை இந்தப் புகையே எனலாம். மேட்டின் சரிவைக் குடைந்து அறையாக்குவர். முன்புறம் மட்டும் கல்லாலோ புல்மண் கட்டியாலோ சுவர் எழுப்புவர். ஆற்றோரத்தில் கிடைத்த மரத்துண்டை முகட்டுவளையாக இட்டு, அதன்மேல் சுள்ளியும் வைக்கோலும் பரப்பி, மண்ணால் மூடுவர். புல்மண் கட்டி என்பது புல்வெளியின் அடர்ந்த வேர்ப்படலத்தைக் கலப்பையால் பாளமாக அறுத்தெடுத்தது; வேரே அதற்குச் சாந்து. பனியையும் வெயிலையும் இவ்வீடு நன்கு தடுக்கும். மழையில்தான் ஒழுகும், சில வேளை பாம்பும் இறங்கும். முதற் பனிக்காலத்தைக் கடக்க, வேட்டையிலிருந்து திரும்பிய ஒசேஜ் பழங்குடியினர் தந்த இறைச்சி உதவியது என்பது ஊராரின் வழிவழிச் செய்தி.

பின்னர்க் கல் வந்தது, மரச்சட்டமும் வந்தது. இன்று எஞ்சியவை ஐந்து. செகரி பிளெட்சர் குடும்பத்தார் 1880 வாக்கில் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் விடுதி அஞ்சலகமாகவும் பயன்பட்டது. 1885இல் எழுந்த சுண்ணாம்புக்கல் ஆலயம் பின்னர் ஆப்பிரிக்க மெதடிஸ்டு சபைக்கு உரியதாயிற்று. குழிவீட்டில் கூடத் தொடங்கிய பாப்டிஸ்டு சபையார் 1907இல் தம் கல் ஆலயத்தை எழுப்பினர். 1918இல் பள்ளிக்கூடமும், 1939இல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் ஊர்மன்றக் கூடமும் கட்டப்பட்டன. எதுவும் பெரிதன்று. சிற்பமோ தூணோ தேடுவோர் ஏமாறுவர்.

ஏன் ஐந்து மட்டும்? 1887ஆம் ஆண்டு ஊரில் இரண்டு செய்தித்தாள்கள் நடந்தன. இவ்வூரில் குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இலேயே மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். இரயில் மட்டும் வந்தால் போதும் என்றிருந்த நிலையில், மிசௌரி பசிபிக் நிறுவனத்துக்காக 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தனர். அந்த இரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் பாதை ஆற்றின் தென்புறமாகச் சென்றது. வணிகர்கள் கடைகளோடு சில கல் தொலைவிலிருந்த போக் என்னும் இரயில் ஊருக்குப் பெயர்ந்தனர். சிலர் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு போயினர். தலைத்தெரு வெறுமையுற்றது. முப்பதுகளின் வறட்சி எஞ்சியோரையும் சிதறடித்தது. 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது.

1976ஆம் ஆண்டு சனவரியில் ஏறத்தாழ 161 ஏக்கர் பரப்புள்ள இவ்வூர் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதை எளிதான முடிவென்று எண்ணிவிடலாகாது. ஒரு கட்டடம் தேசியப் பதிவேட்டில் ஏறவேண்டுமாயின் இடம், வடிவமைப்பு, சூழல், பொருள், வேலைத்திறன், உணர்வு, தொடர்பு ஆகிய ஏழிலும் அதன் மாறாமையை ஆராய்வர். செல்வர் வீடு மாறாமல் நிற்கும். பழுதுபார்க்கத் தச்சரும் கொத்தரும் உண்டு. ஏழை கிடைத்த தகரத்தை வேய்வான், கிடைத்த சாந்தைப் பூசுவான். இவ்வூர் ஆலயங்களின் கற்சுவர்களும் பிற்காலத்தில் சாந்துப் பூச்சால் மறைந்துவிட்டன. கல் தேயாமல் காக்கப் பூசினார்கள் போலும். கல்லைக் காண விரும்பும் கட்டடக்கலை அன்பருக்கு அது குறை. அச்சுவருக்குள் ஞாயிறுதோறும் கூடியவர்களுக்கு அது கூடத்தைக் காத்த கடமை. ஊர்மன்றக் கூடத்துக்கோ அறிவிப்பின்போது நாற்பது வயதுகூட நிறையவில்லை. எனவே இங்குக் காக்கப்பட்டது கட்டடத்தின் அழகை விட, தெருக்கோடுகளும் இடைவெளிகளுமாய்க் கிடக்கும் ஊர்மனை முழுவதும் என்றே கொள்ளவேண்டும். ஏழனுள் தொடர்பு என்பதற்கு இதைவிடச் சான்று அரிது.

1983இல் கட்டடப் பதிவாளர்கள் வந்து ஊரை அளந்து வரைந்தனர். 1996 நவம்பரில் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. குழிவீடுகளுக்குத்தான் வரைபடம் இல்லை. முகட்டுவளை முறிந்ததும் மேட்டு மண் உள்ளே சரிந்து மூடியது, புல் முளைத்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் மாணவர்கள் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் அத்தகைய குழிவீடொன்றின் எச்சத்தை அகழ்ந்தனர்.

சூலைத் திங்களின் இறுதியில் விடுதலைத் திருநாளை ஒட்டி, பல மாநிலங்களில் வாழும் வழித்தோன்றல்கள் இங்கு வந்து கூடுவர். அந்நாளில் விருந்துக்கும் பேச்சுக்கும் ஊர்மன்றக் கூடம் போதாமல், கடைகள் நின்றிருந்த வெற்றிடங்களில் கூடாரம் அடிப்பர்.