ஒப்பும் மெய்யும்

தொழிற்சாலையின் தகவல்தொடர்புக் கருவி ஒன்றை அமைக்க உட்காரும் பொறியாளர் சில கட்டங்களை நிரப்ப வேண்டும். கருவி எத்தனை நொடிக்கு ஒருமுறை தானாகவே செய்தி அனுப்ப வேண்டும்? அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் யாருக்கு எச்சரிக்கை போக வேண்டும்? பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, எத்தனை முறை மறுபடியும் கேட்பது? வந்த தரவு வழியில் சிதையவில்லை என்று எப்படிச் சரிபார்ப்பது? இவை தொழில்நுட்பக் கேள்விகளாகவே கற்பிக்கப்படுகின்றன. நான் இவற்றை உழைப்பின் வரலாறாகப் படிக்க விரும்புகிறேன். இந்தக் கட்டங்கள் செய்யும் காரியங்களை ஒரு காலத்தில் மனிதர்கள் செய்தார்கள். பல இடங்களில் பெண்கள் செய்தார்கள்.

அமெரிக்காவின் லோவெல் நகரத்து நூற்பாலைப் பெண்களைத் திரட்டி, பத்து மணி நேர வேலைநாளுக்காகப் போராடியவர் சாரா பேக்லி. அவர் 1846இல் அதே ஊரின் தந்தி நிலையத்தில் பொறுப்பேற்றார். 1878இல் பாஸ்டனில் எம்மா நட் தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகு உலகெங்கும் இணைப்பகங்கள் பெண்களின் பணியிடங்களாயின. அங்கே சந்தாதாரர் சொன்ன எண்ணை ஆபரேட்டர் திருப்பிச் சொல்லுவார். தந்தியிலும் கூடுதல் கட்டணம் கட்டினால் செய்தியை நிலையத்துக்கு நிலையம் திருப்பி அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெற்றுக்கொண்டேன் என்று சொல்வதும், பெற்றதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதும் அன்று ஒருவரது குரலாகவோ விரலாகவோ இருந்தன.

இந்த உழைப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது துளை அட்டை அறை. ஐபிஎம் நிறுவனம் 1949இல் வெளியிட்ட 056 என்ற இயந்திரத்தின் பெயரே சரிபார்ப்பி. முதல் பெண் படிவத்தைப் பார்த்து அட்டையில் துளையிடுவார். இரண்டாவது பெண் அதே படிவத்தையும் துளையிட்ட அட்டையையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி தட்டுவார். அவர் தட்டியதும் துளையும் ஒத்துப்போனால் அட்டை நகரும். ஒவ்வாவிட்டால் நின்றுவிடும். மூன்றாவது முயற்சியிலும் ஒவ்வாவிட்டால், பிழையான இடத்துக்கு மேலே இயந்திரம் ஒரு வெட்டுப் போடும். முழுதும் சரியாக இருந்தால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். அந்தச் சின்ன வெட்டு ஒரு பெண்ணின் கையொப்பம் என்றே சொல்லலாம். ஆனால் அதில் பெயர் இல்லை.

சரிபார்ப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்த கதைகளில் பெயர் இருக்கிறது. 1947இல் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வாரக் கடைசிகளில் ஒரு ரிலே கணினியைப் பயன்படுத்தினார். வேலை நாட்களில் கணினி பிழையைக் கண்டால் ஆபரேட்டர்களுக்குத் தெரிவிக்கும், அவர்கள் சரிசெய்வார்கள். வாரக் கடைசியில் அவர்கள் இருக்கமாட்டார்கள். அதனால் கணினி அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அதைத் திருத்தவும் ஏன் தெரியக் கூடாது என்று எரிச்சலுடன் கேட்டார் ஹாமிங். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்து 1950இல் வெளியானது அவர் பெயரையே தாங்கிய திருத்தக் குறியீடு. அது பெரிய சாதனை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சாதனையைத் தூண்டியது ஆபரேட்டர்களின் விடுமுறை. திங்கள் முதல் வெள்ளி வரை அதே வேலையைக் கையால் செய்தவர்கள் இந்தக் கதையில் பெயரற்றவர்கள்.

தானாகச் செய்தி சொல்லும் வேலையும் இப்படித்தான் கைமாறியது. டெலக்ஸில் "நீ யார்?" என்று கேட்கும் விசை ஒன்று உண்டு. அதை அழுத்தினால், மறுமுனையில் ஆளே இல்லாவிட்டாலும் அங்குள்ள டெலிபிரிண்டர் தன் பெயரைத் தானே தட்டி அனுப்பும். 1963இல் வந்த டெலிடைப் 33இல் இந்தப் பதில் ஒரு சிறிய உருளையில் இருந்தது. உருளையின் பற்களில் வேண்டாதவற்றை ஒடித்துத்தான் பெயரை அமைப்பார்கள். சென்னை கிண்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் ஆலை நம் நாட்டுக்கான டெலிபிரிண்டர்களைச் செய்தது. இன்று மெனுவில் தேர்ந்தெடுப்பதை அன்று பல்லை ஒடித்து அமைத்தார்கள்.

இந்த வரலாற்றில் பெண்கள் கையுழைப்பாளிகளாக மட்டும் இருக்கவில்லை. பெல் ஆய்வகத்தின் எர்னா ஷ்னைடர் ஹூவர் தொலைபேசி இணைப்பகக் கணினிக்கான முறை ஒன்றை வகுத்து 1971இல் காப்புரிமை பெற்றார். வரும் அழைப்புகளின் நெரிசலைக் கணினி கவனித்து, எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தும். கூட்டம் பெருகினாலும் இணைப்பகம் திணறி விழாது. ஆனால் அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை, பிரசவத்துக்குப் பின் மருத்துவமனையில் இருந்தபடியே அந்த வரைபடங்களைப் போட்டார் என்பதுதான். ஹாமிங்கின் எரிச்சல் ஒரு கோட்பாட்டின் பிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஹூவரின் கட்டில் அவரது கோட்பாட்டையே மறைத்துவிடுகிறது.

1979இல் மோடிக்கான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறை இன்றும் ஆலைகளில் புழங்குகிறது. அதன் ஒரு வடிவத்தில், அனுப்பும் கருவி செய்தி முழுவதையும் கொண்டு ஒரு கணக்குப் போட்டு, விடையான 16 பிட் எண்ணைச் செய்தியின் வாலில் ஒட்டும். பெறும் கருவி அதே கணக்கைத் தானும் போடும். விடைகள் ஒவ்வாவிட்டால் அது பதிலே சொல்லாது. கேட்ட கருவி குறித்த நேரம் காத்திருந்து மறுபடி கேட்கும். துளை அட்டை அறையின் இரு பெண்கள் செய்ததும் இதுதான்: ஒரே வேலையை இருமுறை செய், ஒப்பிடு, ஒவ்வாவிட்டால் நிறுத்து.

அதே 1979 மார்ச் 28 அன்று, பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறை விளக்கோ வால்வு மூடியதாகக் காட்டியது. உண்மையில் அந்த விளக்கு அறிந்தது, மூடச் சொல்லும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே. வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக அலறின. எதை முதலில் கேட்பது என்று அங்கிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் ஒரு பகுதி உருகியது.

சுவடிப் பதிப்பை வகுப்பில் நடத்தும்போது, ஒப்புநோக்குவதையும் மெய்ப்புப் பார்ப்பதையும் நான் தனித்தனியாகச் சொல்லித்தருவேன். முதலாவது, இரண்டு பிரதிகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டாவதின் பெயரிலேயே மெய் இருக்கிறது. மோட்பஸ் கணக்கு ஒப்பு நோக்கும். பழுதான உணரி பொய்யான அளவைச் சொன்னால், அந்தப் பொய்யை ஓர் எழுத்தும் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்த்து, சரி என்று முத்திரையும் குத்தும். இயந்திரத்துக்குக் கைமாறியது ஒப்பு மட்டும். "இந்த எண் நடக்கக்கூடியதா?" என்று நிமிர்ந்து கேட்கும் வேலை இன்னும் மனிதர்களிடமே இருக்கிறது. அது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை, சம்பளத்திலும் கணக்கில் வருவதில்லை.

பொறியியல் படிக்கும் பெண்கள் நாளை இந்தக் கட்டங்களை நிரப்பப்போகிறார்கள். "எச்சரிக்கை யாருக்கு?" என்ற இடத்தில் ஒரு கைபேசி எண்ணை எழுதும்போது அவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்தச் செய்தியைப் பெறுபவருக்கு, திரையில் வருவதை நம்பமாட்டேன் என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் உண்டா? இல்லையென்றால், நிரப்பப்படாத கட்டம் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.