தாய்மார் எழுதி வைத்த பதிவு

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது நெப்போலியனின் போர்களைத் தேதிவாரியாக ஒப்பித்தவன் நான். அந்தச் சிப்பாய்களைப் பெற்ற தாய்மாரைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. பிறகு அரசு எழுத்தராக இருந்து பார்த்த கோப்புகளும் அப்படித்தான். ஆணை இருக்கும், எண் இருக்கும், அழுதவள் பேச்சு இருக்காது.

நம் தர்மபுரி மாவட்டத்தில் நாகாவதி அணைப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதை அறிவீர்கள். அவர்கள் விட்டுவந்த நாட்டில் பெண்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

1984-இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாகக் கைது செய்தார்கள். தாய்மார் 'அன்னையர் முன்னணி' என்று திரண்டு, பிள்ளைகளை விடச் சொல்லிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு, ஊர்வலம் போனார்கள். சில ஆண்டுகளில் தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு அடக்கியபோது ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமற் போனார்கள். 1990-இல் மாத்தறையில் சிங்களத் தாய்மாரும் அதே பெயரில் கூடினார்கள். 1992-இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து முறையிட்டார்கள். மொழி வேறு, மதம் வேறு. முறையிடப் போனது நம் காளியம்மனிடம்!

2009 மே மாதம் போர் முடிந்தது. 2012, 2013 ஆண்டுகளில் ராதிகா ஹெட்டியாராச்சி என்பவர் முன்னின்று, வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கதைகளைத் திரட்டினார். 'ஹெர்ஸ்டோரீஸ்' என்று அதற்குப் பெயர். அவள் கதைகள் என்று பொருள். அவர்கள் தங்கள் கையாலேயே கடிதம் எழுதினார்கள். இழந்த வீட்டையும் ஊரையும் வரைந்தார்கள். தம் வாழ்க்கையை வேர், கிளை, இலை என்று மரமாக வரைந்தவர்களும் உண்டு. அவை கண்காட்சியாக வைக்கப்பட்டன.

இதனால் காணாமற் போன பிள்ளை திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் தமிழ்த் தாயின் கடிதமும் சிங்களத் தாயின் கடிதமும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. ஒன்றைப் படித்தவர் மற்றதைப் பொய் என்று தள்ள மனம் வராது. சமாதானத்துக்கு அதுதான் முதல் படி என்று எனக்குத் தோன்றுகிறது.

1983-க்குப் பிறகு கைக்குழந்தையோடு படகேறி வந்த பெண்கள் இன்று நம் வயதுப் பாட்டிகள். அவர்கள் நினைவு எந்தக் கோப்பிலும் இல்லை. ஓய்வூதியக்காரர்களான நமக்கு நேரம் இருக்கிறது. யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைச் சொன்னபடியே எழுதலாம். மேலே தேதி போட மறக்க வேண்டாம்.