வயலினும் தொடக்க மாணாக்கரும்: ஊவாவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றில் வல்ல மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியை முதன்முதலிற் கையிலெடுத்துத் தடுமாறியோரைப் பற்றி அவ்வரலாறு அதிகம் பேசுவதில்லை. எனினும், வயலின் நம்மவர் கருவியானமைக்குத் தொடக்க மாணாக்கர் ஒருவரின் முயற்சியே வழிகோலிற்று. அம்முயற்சியை அதன் சமூகப் பின்னணியில் நோக்குவதும், மொனராகலை போன்ற ஊவாத் தோட்டப்புற மாணவர்க்கு அது உணர்த்துவது யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருப்பெற்ற வயலின், ஐரோப்பியரின் வணிகத்தோடும் படையோடும் தென்னிந்தியாவை அடைந்தது. சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பனியாரின் வாத்தியக்குழு மேலைத்தேய இசையை வாசித்து வந்த காலத்தில், அண்மையிலுள்ள மணலியில் இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. கம்பனியாருடன் தொடர்புடைய சின்னசாமி முதலியார் அக்குடும்பத்தின் புரவலராக விளங்கினார். அவர்வழி அவ்விசையைக் கேட்ட மூத்த மகன் முத்துசுவாமி தீட்சிதர், அதன் மெட்டுக்களுக்கு வடமொழியிற் சாகித்தியம் இயற்றினார். இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதரோ (1786-1859) கருவியையே கற்கத் துணிந்தார். ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பயின்றார் என்பர்.

அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆசிரியருக்குக் கருநாடக இசை தெரியாது; கருநாடக இசை தெரிந்தோர்க்கு வயலின் தெரியாது. எனவே கற்ற கருவியில் தம் இசையைத் தாமே தேடவேண்டியவரானார். வீணைக்குரிய மெட்டுக்கள் வயலினில் இல்லை. தொடக்க மாணாக்கர்க்குப் பெருந்தடையாகிய அவ்வியல்பே கமகங்களுக்கு இடமளித்தது. வில்லால் நீண்டொலிக்கும் நாதம் மனிதக் குரலுக்கு நெருக்கமாயிற்று. காலப்போக்கில் நம்மவர் தந்திகளை ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டினர். நின்று வாசித்த கருவியைச் சம்மணமிட்டமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கலாயினர்.

தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு வயலினிற் பெற்ற புலமைக்காக, 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். பாலுசுவாமி அந்தணர் குடும்பத்தவர். வடிவேலு ஆடலிசையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தவர். இருவர்க்கும் வயலின் குலவித்தை அன்று. இருவரும் அதனைக் கற்றே தமதாக்கினர். நமது கவனத்துக்குரிய வரலாற்றுண்மை இதுவாகும்.

வயலினைச் சென்னைக்குக் கொணர்ந்த அதே பிரித்தானிய ஆதிக்கமே, 19ஆம் நூற்றாண்டில் எம் முன்னோரைத் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் கொணர்ந்தது. அவர்கள் தப்பையும் காமன் கூத்தையும் தம்முடன் கொண்டுவந்தனர். இவை தோட்ட மக்களின் உயிர்ப்புள்ள கலைச்செல்வங்கள். ஆயின், சங்கீதம் என்பது பிறர்க்குரியது என்னும் எண்ணமும் எம்மிடையே வேரூன்றிவிட்டது. அதற்கு நிறுவனரீதியான காரணமும் உண்டு. 1931இல் தோன்றித் தரப்படுத்திய தேர்வுகளை நடத்திவரும் வட இலங்கைச் சங்கீத சபையும், 1975இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த மருதனார்மடம் இராமநாதன் இசைக்கல்லூரியும் யாழ்ப்பாணத்தில் அமைந்தவை. மொனராகலையிலுள்ள ஒரு சிறுமிக்கு அவை எட்டாத் தொலைவினவே.

மொனராகலையில் நான் பயின்ற பாடசாலையில் இசைக்கு ஆசிரியர் இருக்கவில்லை. அழகியற் பாடவேளை கணிதத்துக்கு வழங்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், 21ஆவது வயதில், நண்பர் ஒருவரின் பழைய வயலினை முதன்முறையாகத் தொட்டேன். பல நாள்கள் திறந்த தந்தியில் வில்லை நேராக இழுப்பதே பாடமாயிற்று. பின்னர் மாயாமாளவகௌளையிற் சரளி வரிசை தொடங்கியது. தொடக்கப் பாடங்களை இவ்விராகத்தில் வகுத்தவர் புரந்தரதாசர் (1484-1564) என்பது மரபு. அதன் பொருத்தம் விரலுக்கே விளங்குகின்றது. ச-ரி-க-ம என்னும் சுரங்களிடையே உள்ள இடைவெளிகளே ப-த-நி-ச என்பவற்றிடையேயும் உள்ளன. எனவே சட்சமத் தந்தியில் விரல்கள் அறிந்த இடங்களைப் பஞ்சமத் தந்தியிலும் காணலாம். ரிஷபம் பிழைத்த இடத்திலேயே தைவதமும் பிழைக்கின்றது. பிழையைக் காட்டுவது செவி. ஆயினும் அச்செவியைப் பழக்குதற்கு ஆசிரியர் தேவை. 'இவ்வயதில் எதற்கு?' என்று கேட்டோர் பலர். அவ்வினாவுக்கு முன் எழுப்பவேண்டிய வினா வேறொன்றுண்டு: பத்து வயதில் இதனை ஏன் கற்க இயலாது போயிற்று?

மேற்கூறியவற்றால், வயலின் எக்குலத்துக்கும் எப்பிரதேசத்துக்கும் பிறப்புரிமையாய் வந்ததன்று என்பது தெளிவாகும். பாலுசுவாமிக்கு வாய்த்தவை மூன்று: ஒரு கருவி, ஓர் ஆசிரியர், பயில்வதற்கு மூன்றாண்டுகள். இவற்றை அவருக்கு உறுதிசெய்யப் புரவலர் ஒருவர் இருந்தார். தோட்டப்புற மாணவர்க்கு அப்புரவலரின் இடத்திலிருக்க வேண்டியது பொதுக்கல்வியாகும். பட்டம் பெற்று ஊவாவுக்கு ஆசிரியராய்த் திரும்பும் நம்மவர், அழகியற் பாடவேளையை அப்பாடத்துக்கே விட்டுக்கொடுத்தலேனும் செய்தல் வேண்டும். தடுமாறும் முதல் வில்லோட்டத்திலிருந்தே ஒரு மரபு தோன்றியது என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. அம்முதல் வில்லோட்டத்துக்கான வாய்ப்பு மொனராகலையிலும் கிட்டுதல் வேண்டும்.